சியென் யீ: ஒரு சிட்டிகை அரிசி

சீனாவில் குழந்தைகளின் இருமலுக்கு ஒரு பழைய கஷாயம் உண்டு. முசுக்கட்டை வேர்ப்பட்டை, கோஜி வேர்ப்பட்டை, அதிமதுரம், கூடவே ஒரு சிட்டிகை அரிசி. அரிசி எதற்கென்று தேடப்போய்த்தான் சியென் யீயைத் தெரிந்துகொண்டேன்.

சுங் வம்ச காலத்தவர், ஷான்டோங்காரர். தாய் இறந்துவிட, மூன்று வயதுப் பிள்ளையை விட்டுத் தந்தை கடல்புறம் போய்விட்டார். வளர்த்தவர் அத்தை, வைத்தியம் கற்றுத்தந்தவர் அத்தையின் கணவர். பின்னாளில் விவரம் தெரிந்ததும் ஐந்தாறு முறை தேடி அலைந்து, முப்பது வயதுக்குமேல் தந்தையை வீட்டுக்கு அழைத்துவந்தார். (அதற்கும் ஒரு மனசு வேண்டும்!) அரச குடும்பத்துக் குழந்தையைக் குணமாக்கி அரண்மனை வைத்தியரானார்.

பிள்ளைகளின் உள்ளுறுப்புகள் பிஞ்சு, கடுமையான பேதிமருந்து ஆகாது என்பது அவர் கட்சி. நுரையீரல் சூட்டைத் தணிக்கும் குளிர்ச்சிச் சரக்குகள் வயிற்றைக் கெடுக்காதிருக்கத்தான் அந்த அரிசி. அவர் முறைகளை யென் சியாவோசோங் 1119இல் நூலாகத் தொகுத்தார். அரிசியின் அளவுகூட அதில் இருக்கிறது.