முதுமையிலும் மாணவர்

கல்வி இளமைப் பருவத்திற்கே உரியது என்று கருதுவோர் பலர். பள்ளியை விட்டு நீங்கும் நாளிலேயே நூல்களையும் விட்டு நீங்குவோர் உளர். எண்பது ஆண்டு நிறைந்த பின்னரும் தம்மை ஒரு மாணவராகவே எண்ணி வாழ்ந்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞராகிய கதே.

யோகான் வுல்ஃப்காங் கதே 1749ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், மைன் ஆற்றங்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். சட்டம் பயின்ற செல்வராகிய அவர் தந்தையார், ஏறத்தாழ 2,000 நூல்கள் கொண்ட நூலகம் ஒன்றைத் தம் இல்லத்திலேயே அமைத்திருந்தார். மக்களின் கல்வியையும் பெரும்பாலும் தாமே கவனித்தார். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கதே இளமையிலேயே பயின்றார். தந்தையார் ஒழுங்கைக் கற்பித்தார். அன்னையார் கற்பனைக்கு ஊற்றுக்கண் திறந்தார். கதை சொல்லுவதில் வல்லவரான அவ்வம்மையார், சில வேளைகளில் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார். எஞ்சிய பகுதியைச் சிறுவர் தாமே புனைந்து பாட்டியிடம் கூறுவார். பாட்டியின் வாயிலாக அதனை அறிந்துகொள்ளும் அன்னையார், மறுநாள் மகன் விரும்பியவாறே கதையை முடிப்பார் என்பர்.

கதே 1774ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வெர்தர்’ என்னும் புதினம் ஐரோப்பா எங்கும் அவர் புகழைப் பரப்பியது. அந்நாளில் ஜெர்மனி பல சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் ஒன்றாகிய வைமாரின் இளங்கோமகன் அழைக்க, 1775ஆம் ஆண்டில் அங்குச் சென்ற கதே, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்நகரிலேயே கழித்தார். அமைச்சராக அமர்ந்து சுரங்கம், சாலை முதலிய துறைகளைக் கண்காணித்தார். பின்னாளில் அரசின் நூலகமும் அவர் மேற்பார்வையில் வளர்ந்தது.

அலுவல் பெருகியபோதும் அவர் படிப்புக் குன்றவில்லை. காளிதாசரின் ‘சாகுந்தலம்’ 1791ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதனைப் படித்து உள்ளம் நெகிழ்ந்த கதே, அதனைப் போற்றிக் கவிதை இயற்றினார். தம் ‘பௌஸ்ட்’ நாடகத்திற்கு அவர் அமைத்த முன்னுரைக் காட்சி, வடமொழி நாடகத்தின் சூத்திரதாரன் காட்சியைத் தழுவியது என்று அறிஞர் கூறுவர். 65 அகவையை எட்டிய 1814ஆம் ஆண்டில் பாரசீகக் கவிஞர் ஹாஃபிசின் பாடல்களை மொழிபெயர்ப்பில் கண்டார். உடனே கீழைநாட்டு நூல்களைத் தேடிப் பயிலத் தொடங்கினார். அரபு எழுத்துகளையும் எழுதிப் பழகினார். அவ்வுழைப்பின் பயனாகப் புதியதொரு பாடல் தொகுதி 1819இல் வெளிவந்தது.

1823ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எக்கர்மன் என்னும் 30 அகவை இளைஞர் கால்நடையாகவே வைமாருக்கு வந்து கதேயைக் கண்டார். ஊர்தோறும் சிறு பொருள்களைச் சுமந்து சென்று விற்ற ஓர் ஏழையின் மகன் அவர். சிறுவராக இருந்தபோது குடும்பத்தின் ஒரே பசுவைக் காத்து வளர்ந்தவர். நன்கு வளர்ந்த பின்னரே உயர்நிலைக் கல்வி பெற்றவர். 73 அகவையினராகிய கதே அவர் எழுதிய நூலைப் படித்துப் பார்த்தார். அவர் ஆற்றலை உணர்ந்து வைமாரிலேயே தங்கச் செய்தார். அன்று தொடங்கிய நட்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

உணவு வேளையிலும், மாலைப் பொழுதிலும், வண்டியில் உலாவச் செல்லும்போதும் இருவரும் உரையாடினர். ஷேக்ஸ்பியர், மோலியர், பைரன் முதலியோரின் படைப்புகளைக் கதே ஆராய்ந்து பேசுவார். தொடக்கத்திலேயே பெருங்காப்பியம் இயற்ற முந்துதல் வேண்டா என்றும், கண்ணெதிரே காணும் சிறு பொருள்களைப் பாடிப் பழகுதல் வேண்டும் என்றும் இளைஞருக்கு அறிவுரை கூறினார். 1827ஆம் ஆண்டு சனவரியில் ஒருநாள், தாம் படித்த சீனப் புதினம் ஒன்றைப் பற்றிப் பேசினார். தொலைநாட்டு மக்களும் நம்மைப் போன்றே எண்ணுகின்றனர், உணர்கின்றனர் என வியந்தார். கவிதை மனித இனத்தின் பொதுவுடைமை என்றும், உலக இலக்கியத்தின் காலம் நெருங்கிவிட்டது என்றும் அவர் கருதினார்.

பேசுவதில் வல்லவரான கதே கேட்பதிலும் வல்லவர். மாடு மேய்த்த காலம் முதல் காட்டையும் பறவைகளையும் நன்கு அறிந்தவர் எக்கர்மன். தாய்ப்பறவைகள் பிற பறவையின் குஞ்சுக்கும் இரையூட்டிக் காக்கும் செய்தியை அவர் கூறியபோது, அறிவியல் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த அம்முதியவர் ஒரு மாணவரைப் போல வினாவி வினாவிக் கேட்டார். தமக்குத் தெரியாத ஒன்றை எளியவரிடம் கற்பதற்கு அவர் நாணவில்லை. எண்பது ஆண்டாகப் படிக்கப் பழகி வந்தும் அக்கலையில் தாம் இன்னும் முழுமை எய்தவில்லை என்று அவரே ஒருமுறை கூறினார். கற்றோர் செருக்குறாமல் இருக்க இச்செய்தி ஒன்றே போதாதோ?

1830ஆம் ஆண்டில் அவருடைய ஒரே மகன் உரோமை நகரில் இறந்தார். அத்துயரைத் தொடர்ந்து கதேயும் குருதிப்போக்கால் கடும் நோயுற்றார். ஆயினும் தேறி எழுந்து மீண்டும் எழுதுகோலைக் கையில் எடுத்தார். இளமையில் தொடங்கிய ‘பௌஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாகம் முடிவு பெறாமல் இருந்தது. அதனை முடிக்குமாறு எக்கர்மன் இடைவிடாது ஊக்கினார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் உள்ளத்தில் சுமந்த அப்பணியை 1831ஆம் ஆண்டுக் கோடையில் கதே நிறைவேற்றினார். 1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், தம் 82ஆம் அகவையில் உயிர்நீத்தார்.

ஆசான் மறைந்த பின், எக்கர்மன் தம் குறிப்புகளையும் நினைவையும் துணையாகக் கொண்டு அவ்வுரையாடல்களை நூலாக்கினார். முதல் இரு பகுதிகள் 1836இலும், மூன்றாம் பகுதி 1848இலும் வெளிவந்தன. அந்நூல் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. வறுமையிலேயே வாழ்ந்து 1854இல் மறைந்தார். எனினும் அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பயிலப்படுகிறது. கதே உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் எக்கர்மனும் உறங்குகிறார்.

கதேயின் பேச்சு காற்றோடு மறையாமல் நின்றது, அருகிருந்து கருத்தோடு கேட்ட ஒருவர் இருந்தமையால் அன்றோ! படிப்பதற்கு முதுமை தடையன்று. கேட்பதற்கு வறுமையும் தடையன்று. இவ்விருவர் வாழ்வும் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.