பரங்கிப்பேட்டையில் 1830-லேயே இரும்பாலை: யார் இந்த ஜோசையா ஹீத்?

பரங்கிப்பேட்டைன்னா மீனும் துறைமுகமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஆலைகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. டாடா நிறுவனம் இரும்புத் தொழிலில் இறங்குவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே! அதைக் கட்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

வேலையை விட்டது ஏன்?

கிழக்கிந்திய கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தவர் ஹீத். சேலம் மலைகளில் தரமான இரும்புக் கல் கிடைப்பதும், நம்ம ஊர்க் கொல்லர்கள் சின்னச் சின்ன மண் உலைகளில் உலகமே வியந்த எஃகு தயாரிப்பதும் அவரை ஈர்த்தன. 1825-ல் வேலையை விட்டார். கம்பெனியின் கடனுதவியோடு 1830-ல் பரங்கிப்பேட்டை ஆலையைத் தொடங்கினார்.

சிக்கல் எங்கே?

ஆலை கடற்கரையில், கல்லோ சேலத்தில். காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசல்களில் கல் வந்தது. உலை எரிய நிலக்கரி இல்லை, மரக்கரிதான். சுற்றியுள்ள காடுகள் குறையக் குறைய, கரிக்கு அலைய வேண்டியதாச்சு. செலவு ஏறியது, கடனும் ஏறியது.

இங்கிலாந்தில் நடந்தது என்ன?

எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டறிந்த ஹீத், 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். விலை அதிகமான ஸ்வீடன் இரும்பை நம்பியிருந்த ஷெஃபீல்டு ஆலைகளுக்கு இது பெரிய லாபம்.

ஆனா, ஹீத் காப்புரிமையில் எழுதியது மாங்கனீசும் கரியும் ஏற்கெனவே கலந்த பொருளை. அவருடைய முகவராக இருந்த அன்வின் இரண்டையும் தனித்தனியாக உலையில் போட்டார். உள்ளே உருவானது அதே பொருள்தான். இருந்தாலும் காப்புரிமையில் இந்த முறை இல்லையே என்பது எதிர்த்தரப்பு வாதம்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் வந்த இறுதித் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது.

பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. மரக்கரிச் செலவோடு போராடியே மூடப்பட்டது. சேலத்துக் கல்லை நம்பி வேலையை விட்டவருக்கு மிஞ்சியது கடனும் வழக்கும். அவர் கண்டுபிடிப்பால் சம்பாதித்தது ஷெஃபீல்டு முதலாளிகள்தான்.