விஷவாயுவைச் சுவாசித்த விஞ்ஞானி

குட்டீஸ், கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத ஒரு விஷம் உண்டு. அதுதான் கார்பன் மோனாக்சைடு வாயு. நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தால் இந்த வாயு உள்ளே பரவிவிடும். தீயில் தப்பியவர்கள்கூட இதைச் சுவாசித்துச் சுருண்டு விழுவார்கள்.

இந்த விஷத்தை விடாமல் ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். 1860-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் படித்தார். கெட்ட காற்று உள்ள இடமாகத் தேடிப் போய் ஆராய்வது அவர் வழக்கம். சாக்கடைக்குள்கூட இறங்கியிருக்கிறார்!

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். பஸ்சில் நம் சீட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தால் எப்படி இருக்கும்? கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும்.

1895-ல் ஹால்டேன் ஒரு சோதனை செய்தார். சுண்டெலியை மூடிய கலத்தில் வைத்து, சாதாரணக் காற்றைவிட 2 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனைச் செலுத்தினார். கூடவே விஷவாயுவும் இருந்தது. ஆனால் சுண்டெலி சாகவில்லை! அழுத்தத்தால் ஆக்சிஜன் ரத்த நீரிலேயே கரைந்து, ஹீமோகுளோபின் உதவி இல்லாமல் உடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் இந்த விஷத்துக்கு ஆக்சிஜன்தான் மருந்து.

சுண்டெலிகள் பாவம்தான். ஆனால் எலியை மட்டும் சோதனைக்கு விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள் இல்லை ஹால்டேன். அதே வாயுவைத் தானும் சுவாசித்தார். தலை சுற்றி, கால் தள்ளாடும்வரை குறிப்பு எடுத்தார். மனிதனுக்கு முன்பே சுண்டெலி மயங்கிவிடும் என்பது தெரிந்தது.

1896-ல் வேல்ஸ் நாட்டில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தனர். ஹால்டேன் அங்கே போய் ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, வாயு! சுண்டெலி அல்லது சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் செல்லுங்கள், அது மயங்கினால் உடனே வெளியேறுங்கள் என்று யோசனை சொன்னார். அப்படித்தான் கேனரிக் குருவிகள் சுரங்கத்துக்குள் போயின. மயங்கிய குருவியைப் பிழைக்கவைக்க, குட்டி ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்திய கூண்டுகளும் வந்தன. 1986-ல்தான் பிரிட்டன் அவற்றுக்கு ஓய்வு கொடுத்து, மின்னணுக் கருவிகளுக்கு மாறியது.

முதல் உலகப் போரில், 1915-ல், ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவை வீசியபோதும் ஹால்டேன் போர்முனைக்கு விரைந்தார். வாயுவைத் தடுக்கும் முகமூடிகளைத் தன் மீதே சோதித்தார். 1936-ல் மறைந்தார்.

சிறுவயதில் அவரோடு சுரங்கத்தில் இறங்கிய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் பெரிய விஞ்ஞானி ஆனார். 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.