புளிப்பின் பொருள் கண்ட பெருமகன்

மோரின் புளிப்பு வேறு. எலுமிச்சையின் புளிப்பு வேறு. புளியம்பழத்தின் புளிப்பு வேறு. இதனை நாவு அறியும். ஆனால், அவ்வேறுபாட்டுக்குக் காரணமான பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டிய பெருமை கார்ல் வில்ஹெல்ம் ஷேலே என்னும் மருந்துக்கடைக்காரரையே பெரிதும் சாரும். ஒட்சிசனைக் கண்டவர்களுள் ஒருவர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. மலைநாட்டில் வாழும் நான் அவரை நினைப்பது வேறொரு காரணம் பற்றி. அட்டனிலும் நுவரெலியாவிலும் கடைகளில் இன்று அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் முகப்பூச்சுகள் சிலவற்றில், அவர் கண்ட அமிலங்கள் அல்பா ஹைட்ரொக்சி அமிலங்கள் என்னும் புதுப் பெயருடன் குடியிருக்கின்றன.

ஷேலே 1742ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அக்காலத்திற் சுவீடனின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஸ்ட்ரால்சுண்ட் நகரிற் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவர் ஏழாமவர். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பதினான்காம் வயதிற் கோத்தன்பர்க் நகரத்து மருந்துக்கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. கடையிலிருந்த நூல்களே அவருக்குக் கல்லூரி. குப்பிகளும் அடுப்புமே ஆசான்கள். பின்னர் மால்மோ, ஸ்டொக்ஹோம், உப்சாலா என்று ஊர் மாறினாரேயன்றித் தொழில் மாறவில்லை. 1775இல் சுவீடன் அரச விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. அவ்வாண்டே கோப்பிங் என்னும் சிற்றூருக்குச் சென்று, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கினார்.

ஒட்சிசனைப் பிரீஸ்ட்லிக்கு முன்பே அவர் கண்டிருந்தும், அவரது நூல் 1777இல்தான் அச்சேறியது. அதற்குள் புகழ் பிறரைச் சேர்ந்துவிட்டது. அதற்காக அவர் சோர்ந்திருக்கவில்லை. திராட்சை மதுவின் அடிவண்டலிலிருந்து டார்டாரிக் அமிலத்தை ஏற்கனவே பிரித்திருந்தார். நம் புளியிலுள்ள அமிலமும் அதுவே. 1780இற் புளித்த பாலிலிருந்து லக்டிக் அமிலத்தையும், 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலத்தையும் எடுத்தார். எலுமிச்சைச் சாற்றிற் சுண்ணக்கட்டித் தூளைச் சேர்த்து, படிந்த உப்பைக் கந்தக அமிலத்தாற் பிரித்து, பளிங்காக உறையவைத்த அவர் முறையின் எளிமை இன்றும் வியக்கத்தக்கது.

தாம் ஆக்கிய பொருள்களைச் சுவைத்தும் முகர்ந்தும் பார்ப்பது அவர் வழக்கம். பாதரசம், ஈயம், ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்களோடு பழகியமையே அவர் உடலை அரித்திருக்கும் என்று அறிஞர் கருதுவர். 1786ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். இறப்பதற்கு ஓரிரு நாட்களுக்கு முன், தமக்கு முன் அக்கடையை நடத்தியவரின் விதவையை மணந்துகொண்டார். கடை அவ்வம்மையாருக்கே உரிமையாக வேண்டுமென்பதே அதன் நோக்கம்.

அவர் கண்ட புளிப்புக்கும் மனிதத் தோலுக்குமுள்ள உறவை விஞ்ஞானம் விளக்கமாக அறிய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. 1974இல் அமெரிக்காவில் வான் ஸ்கொட், யூ என்னும் இருவர், மீன் செதில் போலத் தோல் தடிக்கும் நோய்க்கு இவ்வமிலங்கள் பயன்படுவதை வெளியிட்டனர். தோலின் மேற்புறத்தே இறந்த கலங்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. அவ்வொட்டுதலை அமிலம் தளர்த்துகிறது. பழையன உதிர, கீழுள்ள புதியன வெளிப்படுகின்றன. கரும்பிலும் காணப்படும் கிளைகொலிக் அமிலம் இவ்வினத்துள் மிகச் சிறிய மூலக்கூறுடையது. ஆதலின் தோலுள் எளிதிற் புகும்.

நம் தோட்டத்துப் பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. மேற்றோல் மெலியும்போது வெயிலின் தாக்குதல் மிகும். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் பத்திலொரு பங்கு வீதம் புற ஊதாக் கதிர் வலுக்கிறது. நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. குளிர்ச்சியும் பனிமூட்டமும் அக்கதிரை மறந்துவிடச் செய்யும், முற்றாகத் தடுக்கமாட்டா. பகலெல்லாம் மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி இப்பூச்சை இட்டுக்கொண்டு, வெயிற்காப்பின்றிச் சென்றால், மினுமினுப்புக்கு மாறாகக் கருந்திட்டே கிட்டும். கொழுந்துக் கறை படிந்த விரலில் எலுமிச்சையைத் தேய்ப்பதை நான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். அச்சாறு தோலிலிருக்க வெயில் பட்டாற் கொப்புளமும் கறுப்பும் உண்டாகலாம் என்பதை இன்று மருத்துவம் கூறுகிறது. தேய்த்தபின் நன்றாகக் கழுவுதல் வேண்டும். முகத்திலோ அதனைத் தேய்க்கவே கூடாது.

வீட்டில் இடுவதற்குரிய பூச்சில் அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டாதிருத்தல் நலம் என்பது அமெரிக்க நிபுணர் குழுவொன்றின் முடிவு. இரவில் இட்டு, பகலில் வெயிற்காப்புப் பூசித் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ளல் தக்கது. இவ்வமிலம் பிறவி நிறத்தை மாற்றாது. மாற்ற வேண்டிய குற்றமும் நம் நிறத்தில் இல்லை. விரைவில் வெண்மை தருவதாக விற்கும் களிம்புகள் பலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

நஞ்சின் அளவை அறியாத காலத்தில் ஷேலே உயிரிழந்தார். அவ்வளவை அறிந்த காலத்தில் வாழும் நாம், சிமிழின் மேல் எழுதியிருப்பதை வாசித்த பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும்.