புத்தலவை விட்டுப் போகாத குரு

பசறையிலிருந்து மொனராகலை வீதியால் இறங்குவோர், தேயிலை மலைகள் மெல்லத் தாழ்ந்து, இறப்பர் மரங்களையும் கடந்து, வயலும் காடும் கரும்பும் கலந்த சமவெளியாக நிலம் மாறுவதைக் காண்பர். அதற்கும் அப்பால் இருப்பது புத்தல. கதிர்காமக் கந்தனைத் தரிசிக்கவோ, அங்குள்ள பள்ளிவாசலுக்கோ செல்லும் நம்மவர்கள் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துப் போகும் ஊர். அவ்வூரை அடுத்த அலுகலவிட்ட கிராமத்தில்தான் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ தமது இறுதி ஏழு ஆண்டுகளைக் கழித்தார். தமிழில் அவரைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருப்பது நமக்கு வருத்தமளிக்கின்றது.

1927இல் பிறந்த அவர், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த கத்தோலிக்க குரு. உரோமாபுரியில் ஒன்றும் பாரிஸில் ஒன்றுமாக இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்தில் நெடுங்காலம் கற்பித்தார். அங்கேயே இருந்திருந்தால் பேராசிரியராக, மாணவர் போற்ற, அமைதியாக ஓய்வுபெற்றிருக்கலாம்.

அவரை ஊவாவுக்கு அழைத்து வந்த சூழலைச் சொல்வதானால் ஆயர் லியோ நாணயக்காரவைச் சொல்லியாக வேண்டும். 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவானபோது, பெருமைமிக்க கண்டி ஆசனத்தைத் துறந்து, வறிய ஊவாவைத் தாமாகவே கேட்டு வந்தவர் அந்த ஆயர். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன குருமடத்தில் தந்தை மைக்கல் பணியாற்றினார். அதன் பின் 1980இல் புத்தலவுக்கு இறங்கினார். களிமண் வீடொன்றில் குடியேறி, அதற்குச் சுப செத் கெதர எனப் பெயரிட்டார். நல்வாழ்த்தின் இல்லம் என்பது அதன் பொருள்.

சுற்றிலும் பௌத்த கிராமங்கள். அவர் யாரையும் மதம் மாற்ற வரவில்லை என்பதை அங்கு எவரும் உடனே நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1818இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது வயல்கள் எரிக்கப்பட்டன, குளங்கள் பாழாயின. ஆட்சியாளரின் சமயமாக வந்த கிறிஸ்தவத்தின் மீது அந்த மண்ணுக்கு இருந்த கசப்பை ரொட்ரிகோ மறுக்கவில்லை. அந்தக் கடனைத் தாமும் சுமப்பதாகவே கருதினார். மூலிகை வைத்தியம், பிள்ளைகளின் கல்வி, விவசாயிகளின் உரிமை என்பனவே அவரது பணியாயின. கரும்புத் தோட்டத் திட்டங்களால் சிறு விவசாயிகள் நிலத்தையும் வாழ்வையும் இழப்பதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பிக்குகள் பலர் காலப்போக்கில் நண்பராயினர்.

எனினும், ஒரு குருவுக்கு இது எளிதான வாழ்வன்று. ஞானஸ்நானம் பெற்றோரின் தொகை இல்லை, கட்டிய ஆலயம் இல்லை, திருநாள் கூட்டம் இல்லை. இதுவும் இறைபணிதானா என்று கேட்போருக்குக் காட்ட அவரிடம் கணக்கேதும் இருக்கவில்லை. அவரைத் தாங்கி நின்ற ஆயர் லியோவும் 1982இல் காலமானார். துப்பாக்கியை எதிர்கொண்டதைவிட, பலன் தெரியாத இந்த ஆண்டுகளில் தமது விசுவாசத்தையும் திருப்பலியையும் கைவிடாது நின்றதே அவரது பெரிய சோதனை என்பது நமது எண்ணம். தொழுகையில் உறுதி பெற்று மாற்றாரிடையே வாழும் எவருக்கும், எச்சமயத்தவராயினும், அந்தத் தனிமை விளங்கும்.

1987 ஜூலையில் இலங்கை இந்திய உடன்படிக்கை கைச்சாத்தான பின் தெற்கில் வன்முறை மூண்டது. ஜே.வி.பி. ஒருபுறம், அரச படைகள் மறுபுறம். ஏழைகளுக்காகப் பேசியவர்கள் இரு தரப்பினரதும் சந்தேகத்துக்கு ஆளாயினர். சுப செத் கெதரவுக்கும் எச்சரிக்கைகள் வந்தன. வெளியேறுவதா, தங்குவதா என்று அவரும் உடனிருந்தோரும் செபத்தில் ஆராய்ந்தனர். உயிர் தப்ப வழியிருந்தும் அவர் போகவில்லை. கிராமத்தவருக்குப் போக வேறிடம் ஏது?

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டிலேயே திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60. சுட்டவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.