டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ்

வில்லியம் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் (பெப்ரவரி 5, 1951 – செப்டம்பர் 1, 1999) யுனிக்ஸ் இயங்குதளம், டிசிபி/ஐபி நெறிமுறைகள் ஆகியவை குறித்து நூல்கள் எழுதிய கணினியியலாளர் ஆவார். பிணையத் தரவைத் தற்காலிகமாகத் தாங்கும் எம்பஃப் எனப்படும் நினைவக இடையகங்கள் இயங்கும் முறையை, இயங்குதளக் கருவின் மூல நிரலைக் கொண்டே இவரது நூலொன்று விளக்கியது. வழங்கிகளில் இடையக நினைவகம் தீர்ந்துபோகும் சிக்கலின் காரணத்தை அறிய இவ்விளக்கம் உதவக்கூடியது.

வாழ்க்கைச் சுருக்கம்

ஸ்டீவன்ஸ் அன்றைய வட ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) உள்ள லுவான்ஷியா என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை தாமிரத் தொழிலில் பணியாற்றியவர். ஆகையால் குடும்பம் ஐக்கிய அமெரிக்காவின் சால்ட் லேக் நகரம், நியூ மெக்சிகோவின் ஹர்லி, வாஷிங்டன் டி. சி., தென்னாபிரிக்காவின் பலபோர்வா எனப் பல இடங்களுக்கு இடம்பெயர்ந்தது. வர்ஜீனியாவில் உள்ள ஃபிஷ்பர்ன் படைத்துறைப் பள்ளியில் பயின்ற ஸ்டீவன்ஸ், 1973 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அமைப்புப் பொறியியலில் 1978 இல் முதுநிலைப் பட்டமும் 1982 இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

1975 இல் டூசான் நகருக்குக் குடிபெயர்ந்து, 1982 வரை கிட் பீக் தேசிய வானாய்வகத்தில் கணினி நிரலாளராகப் பணிபுரிந்தார். 1970களில் பகுதிநேர வானூர்திப் பயிற்றுநராகவும் இருந்தார். 1982 முதல் 1990 வரை கனெடிகட்டின் நியூ ஹேவனில் ஒரு நிறுவனத்தின் கணினிச் சேவைப் பிரிவில் துணைத் தலைவராக விளங்கினார். 1990 இல் டூசானுக்குத் திரும்பி, நூலாசிரியராகவும் ஆலோசகராகவும் செயற்பட்டார்.

நூல்கள்

* யுனிக்ஸ் பிணைய நிரலாக்கம் (1990, திருத்திய பதிப்பு இரு தொகுதிகள்)
* யுனிக்ஸ் சூழலில் உயர்நிலை நிரலாக்கம் (1992)
* டிசிபி/ஐபி விளக்கப்படங்களுடன் (மூன்று தொகுதிகள், 1994–1996)

ஒரு நெறிமுறை எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கூறுவதோடு ஸ்டீவன்ஸ் நின்றுவிடவில்லை. சிறு நிரல்களை எழுதி இயக்கி, டிசிபிடம்ப் கருவியால் பிணையத்தில் செல்லும் பொதிகளைப் பதிவு செய்து, உண்மையில் நிகழ்வதைக் காட்டினார். தம் நூல்களின் பக்கங்களை டிராஃப் வகை அச்சுக்கோப்பு மென்பொருளைக் கொண்டு தாமே வடிவமைத்தார்.

எம்பஃப் பற்றிய விளக்கம்

கேரி ரைட்டுடன் இணைந்து எழுதிய டிசிபி/ஐபி நூலின் இரண்டாம் தொகுதி (1995), 4.4 பிஎஸ்டி-லைட் இயங்குதளத்தின் பிணையப் பகுதியில் ஏறத்தாழ 15,000 வரி சி மொழி நிரலை விளக்குகிறது. அதன் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் எம்பஃப் பற்றியது.

அவ்வியங்குதளத்தில் ஓர் எம்பஃப் 128 பைட்டு அளவுடையது. அதில் தலைப்புத் தகவல் போக எஞ்சுவது 108 பைட்டு. பொதியின் முதல் எம்பஃப் ஆயின் 100 பைட்டு மட்டுமே. பெரிய தரவு, 2048 பைட்டு அளவுள்ள கொத்து எனப்படும் தனி நினைவகத்தில் வைக்கப்படும். எம்பஃப்கள் சங்கிலியாக இணைந்து ஒரு பொதியைத் தாங்குகின்றன. கொத்துகளின் உச்ச எண்ணிக்கை கருவைத் தொகுக்கும்போதே வரையறுக்கப்பட்டது.

இவ்வரம்பு எட்டப்பட்டால் மையச் செயலகமும் வட்டும் ஓய்வாக இருக்கும்போதே வழங்கி பிணையத்திற்கு மறுமொழி தராமல் போகலாம். காத்திருக்க இயலாத நிலையில் எம்பஃப் கோரும் நிரற்பகுதிக்கு வெற்றுச் சுட்டியே கிடைக்கும். வந்த பொதி கைவிடப்படும், அல்லது பயனர் நிரலுக்கு இடையக இடமில்லை என்னும் பிழை திரும்பும். காத்திருக்கக்கூடிய கோரிக்கையாயின், நெறிமுறைகள் தம்மிடமுள்ள இடையகங்களை விடுவிக்குமாறு கரு முதலில் கேட்கும். ஐபி நெறிமுறை அப்போது மறுகோப்புக்காகக் காத்திருக்கும் துண்டுகளை நீக்கிவிடும்.

இந்நிகழ்வுகளின் எண்ணிக்கையை நெட்ஸ்டாட் கட்டளை "எம்" தெரிவுடன் காட்டுகிறது. மறுக்கப்பட்ட கோரிக்கைகள் கூடிவந்தால் பற்றாக்குறை உறுதியாகிறது. ஆயினும் வரம்பை உயர்த்துவது எல்லா வேளையிலும் தீர்வாகாது. பளு குறைந்தபின் பயன்பாட்டிலுள்ள கொத்துகளும் குறைந்தால் வரம்பு போதவில்லை எனக் கொள்ளலாம். குறையாது ஏறிக்கொண்டே சென்றால், விடுவிக்க மறந்த வன்பொருள் இயக்கியையோ, வந்த தரவைப் படிக்காமல் நிற்கும் நிரலையோ ஐயுற வேண்டும். பின்னதாயின் அவ்விணைப்பின் பெறுவரிசையில் பைட்டுகள் தேங்கியிருப்பதை அதே நெட்ஸ்டாட் கட்டளையின் இணைப்புப் பட்டியலில் காணலாம். கசிவு இருக்கையில் வரம்பை உயர்த்தினால் முடக்கம் தள்ளிப்போகுமே அன்றி நீங்காது.

பிற்கால ஃபிரீபிஎஸ்டியில் எம்பஃப் 256 பைட்டாக வளர்ந்தது. கருவை மீண்டும் தொகுக்காமலே கொத்து வரம்பை உயர்த்தவும் வழி ஏற்பட்டது. எனினும் சங்கிலி, கொத்து என்னும் அடிப்படை அமைப்பு தொடர்கிறது.

இணையத் தரங்கள்

1997 இல் வெளியான ஆர்எஃப்சி 2001 ஆவணத்தில் டிசிபியின் மெதுதொடக்கம், நெரிசல் தவிர்ப்பு முதலிய வழிமுறைகளை ஸ்டீவன்ஸ் முறைப்படுத்தி எழுதினார். வழியிலுள்ள திசைவிகளின் இடையகங்கள் நிரம்பி வழியாதவாறு அனுப்புநரின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை இவ்வழிமுறைகள். அதனைப் புதுப்பித்த ஆர்எஃப்சி 2581 (1999) ஆவணத்திலும் இவர் இணையாசிரியர் ஆவார்.

மறைவும் மதிப்பும்

ஸ்டீவன்ஸ் 1999 செப்டம்பர் 1 ஆம் நாள் தமது 48 ஆவது அகவையில் காலமானார். யுனிக்ஸ் பிணைய நிரலாக்கம் நூலின் திட்டமிடப்பட்ட மூன்றாம் தொகுதி நிறைவுறவில்லை. 2000 ஆம் ஆண்டில் யூஸ்நிக்ஸ் அமைப்பு இவருக்கு மறைவுக்குப் பின் வாழ்நாள் சாதனை விருதை வழங்கியது. இவரது முதன்மை நூல்களைப் பிற ஆசிரியர்கள் திருத்தி, புதிய பதிப்புகளாகக் கொணர்ந்துள்ளனர்.