'லிட்டில் விமன்' ஜோ தெரியும்... அவளை எழுதிய லூயிசாவைத் தெரியுமா?

'லிட்டில் விமன்' படத்தைப் பார்த்துட்டு, பெத் சாகும் இடத்தில் அழுதவரா நீங்க? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான். ஏன்னா, அந்த மரணம் கற்பனை இல்லை.

லூயிசா மே ஆல்காட் பிறந்தது 1832-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். ஆனா, லூயிசாவா அவர் வளர்ந்ததும் எழுதியதும் பெரும்பாலும் பாஸ்டன், கான்கார்டு பக்கம். வீட்டில் நாலு பொண்ணுங்க: அன்னா, லூயிசா, லிஸ்ஸி, மே. அப்பா பிரான்சன் பெரிய தத்துவவாதி. ஆனா, சம்பாத்தியம்னு பார்த்தா கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால டீச்சர், தையல், வீட்டு வேலைன்னு கிடைச்சதை எல்லாம் செஞ்சார் லூயிசா.

தங்கச்சியின் கடைசி நாள்கள்

1856-ல் அம்மா உதவி செய்யப்போன ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து லிஸ்ஸிக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றியது. பிழைத்தாலும் உடம்பு தேறவே இல்லை. தையல் ஊசிகூட கனமா இருக்குன்னு ஒருநாள் ஓரமா வெச்சுட்டார். 1858 மார்ச்சில் இறந்தபோது லிஸ்ஸிக்கு வயசு 22.

பத்து வருஷம் கழிச்சு, பெண் குழந்தைகளுக்கு ஒரு கதை வேணும்னு பதிப்பாளர் கேட்டார். லூயிசாவுக்கு இஷ்டமே இல்லை. ஆனா, வீட்டுக்குப் பணம் தேவை. தெரிஞ்ச பொண்ணுங்க தன் சகோதரிகள் மட்டும்தானே? அவங்களையே எழுதினார். அன்னா 'மெக்' ஆனார், லூயிசா 'ஜோ' ஆனார், மே-யின் எழுத்துகளை இடம் மாற்றினால் 'ஏமி'. எலிசபெத் என்ற சொந்தப் பெயரோடே கதைக்குள் வந்தது லிஸ்ஸி மட்டும்தான். 1868-ல் வெளியான முதல் பாகம் சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தது.

ஒளிச்சு வெச்ச பேனா

கதையில் ஜோ, பரபரப்புக் கதைகள் எழுத வெட்கப்பட்டு நிறுத்திடுவா. நிஜத்தில்? ஏ.எம்.பர்னார்டு என்ற பெயரில் பழிவாங்கல், வஞ்சகம்னு த்ரில்லர்களா எழுதிச் சம்பாதிச்சார் லூயிசா. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது இவர்தான்னு 1943-ல்தான் ஓர் ஆய்வாளர் கண்டுபிடிச்சார். இன்னொரு வித்தியாசமும் இருக்கு. வாசகர்கள் நச்சரிச்சதால ஜோவுக்குக் கல்யாணம் செஞ்சு வெச்ச லூயிசா, தான் கடைசிவரை கல்யாணமே செஞ்சுக்கல.

மறுபடியும் ஓர் இழப்பு

புத்தகப் பணத்தில் கடைசித் தங்கை மே-யை ஐரோப்பாவுக்கு ஓவியம் படிக்க அனுப்பினார். மே-யின் ஓவியம் 1877-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியிலேயே இடம்பிடிச்சது. அங்கேயே கல்யாணம், 1879 நவம்பரில் ஒரு பெண் குழந்தை. அடுத்த சில வாரங்களில் மே இறந்துபோனார். லூயிசாவிடம் அதைப் பக்குவமாகச் சொல்லணும்னு, தந்தி குடும்ப நண்பர் எமர்சனுக்குத்தான் வந்தது.

அக்காவின் பெயரையே குழந்தைக்கு வெச்சிருந்த மே, அவளை அக்காவிடமே ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். 1880-ல் கடல் தாண்டி வந்த அந்த லூலுவை, உடல்நலம் கெட்டிருந்த 47 வயது லூயிசா அம்மாவா இருந்து வளர்த்தார். அன்னாவின் கணவர் இறந்தபோதும், அவர் பிள்ளைகளுக்காக உடனே பேனா எடுத்து 'லிட்டில் மென்' எழுதியவர் இவர்.

1888 மார்ச் 4-ல் அப்பா இறந்தார். அது தெரியாமலேயே மார்ச் 6-ல் லூயிசாவும் போய்ச் சேர்ந்தார். வயசு 55. எட்டு வயது லூலு, ஐரோப்பாவில் இருந்த தன் அப்பாவிடம் திரும்பிப் போனாள்.

அடுத்த முறை 'லிட்டில் விமன்' பார்க்கும்போது, பெத் பியானோ வாசிக்கும் காட்சியை ஸ்கிப் பண்ணிடாதீங்க. அது ஓர் அக்கா, தன் தங்கச்சியை இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வெச்சுக்கிட்ட இடம்!